ஆறாம் நடவு

காலை ஏழேகால். ஜனவரியில் தார்த்து நகரம்
ஒன்பதுக்குச் சற்று முன்புதான் விடியும்.
இருட்டோடு வருகிறான் உர்மாஸ்,
ஆணி பதித்த டயர் சைக்கிளில்.
முதுகுப் பையில் பனிக்கட்டி, அதற்குள் ஜாடி,
ஜாடிக்குள் உப்புநீரில் சுருண்டு
ஒரு முழம் தொப்புள்கொடி.

பெயர் இல்லை. எண் உண்டு: நாற்பத்தேழு.
ஆணா பெண்ணா, தாய் யார், எதையும் கேட்கக் கூடாது;
நெறிக்குழு கையெழுத்திட்டிருக்கிறது.
"சத்தமாப் பிறந்துச்சு" என்றான் உர்மாஸ்.
அதைச் சொல்லலாமா கூடாதா என்று
படிவத்தில் இல்லை.

கெர்லி கையுறை மாட்டுகிறாள்.
வெட்டுமுகத்தில் மூன்று துளைகள்.
இரண்டு சிறியவை, இறுகியவை:
குழந்தை ஆண்டுமுடித்த ரத்தத்தைத் திருப்பி அனுப்பியவை.
ஒன்று அகலம், தளர்ந்த வாய்: சிரை.
கொடுத்த வழி அது.
மழுங்கிய ஊசியை அதில் நுழைத்து நூலால் கட்டிக்
கழுவுகிறாள், கழுவுகிறாள்,
சிவப்பு வெளுத்துத் தண்ணீராகும்வரை.

நொதி நிரப்பி, இருமுனையும் கவ்வி,
பன்னிரண்டு நிமிடம் வெதுவெதுப்பில் வைப்பாள்.
காபிக்குப் போதாத நேரம்.
கூடிப்போனால் தசையும் பெயர்ந்து வந்துவிடும்.
சும்மா நிற்பாள்.

மறுநாள் நுண்ணோக்கியில் சில தீவுகள்.
ஐந்தாம் நாள் தீவுகள் கூடி
நகரச் சதுக்கத்துக் கல்தரை மாதிரி
இடுக்கின்றிப் பாவிக்கிடக்கின்றன.
பக்கத்துக் கல் தொட்டதும்
வளர்வதை நிறுத்திக்கொள்ளும் கல்.

பறித்து நடுகிறாள். மறுபடி பறித்து நடுகிறாள்.
மூன்றாம் நடவில் பம்பு வைத்து நீரோட்டம் விட்டாள்;
ஒரே நாளில் எல்லாம் போகிற திசைக்கு
நீண்டு படுத்தன, யாரோ சீவிவிட்ட தலைமுடி.
நான்காம் நடவில் கூழ்மத்தின்மேல் தூவினாள்.
இரவெல்லாம் ஒன்றையொன்று கைநீட்டித் தேடி
காலைக்குள் குழாய்களாகிவிட்டிருந்தன,
சந்து சந்தாக, வளைந்து வளைந்து.
ஓட ரத்தமில்லை. சேர்க்க ஆளில்லை.
வழி மட்டும் போட்டாயிற்று.
கொடியென்று சரியாகத்தான் பெயர் வைத்தோம்:
கொழுகொம்பு இல்லாமலே படர்கிறது.

கிளைகளை எண்ணினாள். இருநூற்றுப் பதினாறு.
மருந்து சேர்த்த கிண்ணத்தில் எழுபது.
தேடிய முடிவு அதுதான்.
அன்று அவளுக்குச் சோறிறங்கவில்லை;
முடிவு காரணமல்ல, உருளைக்கிழங்கு வேகவில்லை.

ஆறாம் நடவுக்குமேல் வைத்திருக்கக் கூடாது.
பெருத்து, தட்டையாகி,
தான் யாரென்பதை மறக்கத் தொடங்கும்.
"இன்னைக்கே ஊத்திடு" என்றார் பேராசிரியர் ஹில்யா,
கதவில் நின்றபடி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு.

மதியம் ரொட்டி வாங்க நடந்தாள்.
எமாயிகி உறைந்திருந்தது.
அவர்கள் மொழியில் தாயாறு என்று அர்த்தம்;
தினம் சொல்லும் பெயர், யார் காதில் விழுகிறது?
காபிக்கடை வாசலில் நான்கு தள்ளுவண்டிகள்.
மைனஸ் ஆறு. இங்கே பிள்ளைகளைக்
குளிரில்தான் தூங்கப்போடுகிறார்கள்,
அம்மாக்கள் கண்ணாடிக்கு உள்ளே.
மூன்றாவது வண்டியில் போர்வைக்கு வெளியே
ஒரு மூக்கு மட்டும், சிவந்து, ஆவிவிட்டுக்கொண்டு.
ஐந்து வாரம் இருக்கலாம்.
ஐந்து மாதமும் இருக்கலாம்.
சத்தமாகப் பிறந்தாலும்
தூங்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான்.

உள்ளேயிருந்து ஒருத்தி தலை தூக்கினாள்.
கெர்லி சட்டென நகர்ந்தாள்,
எதையோ எடுத்துப்போகிறவள் மாதிரி.

மாலை. குடுவை அவள் கையில்,
முப்பத்தேழு டிகிரி, ஒரு கன்னத்தின் சூடு.
ப்ளீச் ஊற்றினாள். இளஞ்சிவப்பு போயிற்று.
இருபது நிமிடம் ஊற வேண்டும்.
கணினி திறந்துகிடந்தது. காபியும் இருந்தது.
சும்மா நின்றாள்.

பதிவேட்டில் நாற்பத்தேழுக்கு எதிரே
'ஊரில் இருக்கிறது' என்று எழுதி,
அடித்து,
'முடிந்தது' என்று எழுதினாள்.

மணி அடித்தது. உர்மாஸ். தாடியில் பனி.
இந்த முறை
அவளே கேட்டாள்.